பீடிஎஸ்டி கோச் ஆப் ரிவ்யூ: பேரே கேக்காத ஆப், அதுதான் அதோட பெரிய ப்ளஸ்

பீடிஎஸ்டிங்கற மன பாதிப்ப சமாளிக்க உதவுற மொபைல் ஆப் இது. ரேட்டிங் மொதல்லயே சொல்லிடறேன், 5க்கு 3.5. ஃப்ரீ, விளம்பரம் கிடையாது, லாகின் கிடையாது, உள்ள போனதும் ப்ரீமியம் வாங்கு ப்ரீமியம் வாங்குன்னு கழுத்தறுக்கறது கிடையாது. இங்கிலீஷ் ஓரளவு படிக்கத் தெரியணும், அவ்ளோதான். மிலிட்டரில இருந்தவங்கள மனசுல வச்சு பண்ணதுதான், ஆனா போலீஸ், ஃபயர் சர்வீஸ், பெரிய ஆக்சிடென்ட்ல தப்பிச்சவங்கன்னு யாரு வேணா போட்டுக்கலாம். இத போட்டா எல்லாம் சரியாயிடும்னு மட்டும் நெனச்சு போடாதீங்க, அத பத்தி கீழ வரேன்.

அமெரிக்கால முன்னாள் ராணுவத்தினருக்குன்னே ஒரு அரசாங்க டிபார்ட்மென்ட் இருக்கு, அதுக்குள்ள பீடிஎஸ்டிக்குன்னு ஒரு தேசிய மையம் இருக்கு, அவங்களும் ராணுவத்தோட டெலிஹெல்த் ஆளுங்களும் சேந்து 2011ல விட்ட ஆப் இது. பீடிஎஸ்டின்னா தெரியாதவங்களுக்கு: உயிர் போயிருக்க வேண்டிய சம்பவத்துல மாட்டி வந்தவங்களுக்கு, இல்ல அத கண்ணால பாத்தவங்களுக்கு, அது முடிஞ்சு மாசக்கணக்கா வருஷக்கணக்கா ஆன பின்னாடியும் அது திரும்ப திரும்ப கண்ணு முன்னாடி வரும், கெட்ட கனவு வரும், சின்ன சத்தத்துக்கு தூக்கிவாரிப் போடும், அத ஞாபகப்படுத்துற இடம் ஆளு பேச்சு எல்லாத்தையும் ஒதுக்க ஆரம்பிப்பாங்க, வீட்ல எரிஞ்சு விழுவாங்க. போருக்குப் போனவங்களுக்கு இப்படி ஆகுறது ரொம்ப பழைய விஷயம், ஆனா அமெரிக்க மனநல மருத்துவர்களோட அதிகாரப்பூர்வ கையேட்டுல இந்த பேர்ல ஏறுனது 1980லதான்.

நான் இந்த ஆப்புக்கு வந்த வழியே வேற. எம்எஸ்டபிள்யூ (சமூகப்பணி முதுகலை) படிக்கறப்ப ஒரு பேப்பருக்காக, ராணுவத்துல மனநல பிரச்சன எத்தன பேருக்கு இருக்குன்னு எண்ணிப் பாத்த ஆய்வுகள உக்காந்து படிச்சேன். அதுல பாதி ஆய்வுல ஒரே கேள்வித்தாள்தான் திரும்ப திரும்ப வரும், பிசிஎல்னு பேரு. அப்புறம் பாத்தா அதே கேள்வித்தாள் இந்த ஆப்புக்குள்ள இருக்கு. லட்சக்கணக்கான சோல்ஜருங்கள எடை போட்ட தராசு நம்ம போன்லயே இருக்குங்கறது எனக்கு செம சுவாரசியமா இருந்துச்சு, அதான் டவுன்லோட் பண்ணேன்.

உள்ள நாலு பகுதி. படிச்சு தெரிஞ்சுக்க ஒண்ணு, நம்ம நிலைமைய அளந்து பாக்க ஒண்ணு, இப்ப இந்த நிமிஷம் கஷ்டமா இருந்தா சமாளிக்க ஒண்ணு, உதவி தேட ஒண்ணு.

இதுல மூணாவதுதான் தினமும் கைல எடுக்கறது. என்ன பிரச்சனன்னு நீங்க தொடணும், தூக்கம் வரல, கோவம் வருது, பழசு ஞாபகம் வருது, யாரோடயும் ஒட்ட முடியல, இந்த மாதிரி. தொட்டதும் ஒரு தெர்மாமீட்டர் வரும், எவ்ளோ கஷ்டமா இருக்குன்னு 0ல இருந்து 10 வரைக்கும் ஏத்தணும். அப்புறம் அதுவே ஒண்ணு எடுத்து குடுக்கும், மூச்சுப் பயிற்சியோ, தசைய இறுக்கி தளத்தறதோ, சுத்தி இருக்கறத பாத்து தொட்டு நெனப்ப இங்க கொண்டு வர்றதோ. முடிஞ்சதும் திரும்ப தெர்மாமீட்டர். 8 போட்டிருந்தவர் 6 போட்டா அதையும் காட்டும். அது குடுத்தது புடிக்கலன்னா வேற கேக்கலாம், புடிச்சத தனியா எடுத்து வச்சுக்கலாம். நம்ம போன்ல இருக்கற பாட்டு, ஃபோட்டோ, நம்பகமான ஆளுங்க நம்பர் எல்லாம் உள்ள சேத்துக்கலாம், நான் இளையராஜா பாட்டு போட்டு வச்சேன், அந்த ஆப்போட கடல் அலை சத்தத்த விட அது நல்லாவே வேல செய்யுது.

படிக்கற பகுதி ஓகே. சின்ன சின்ன பக்கமா எழுதி இருக்காங்க, பயமுறுத்தல, குடும்பத்துக்கும் தனியா சொல்லி இருக்காங்க. இதுக்கு மேல அதுல சொல்ல ஒண்ணும் இல்ல.

இப்ப அந்த அளந்து பாக்கற பகுதி. இதுக்குத்தான் இவ்ளோ பெருசா எழுத உக்காந்தேன். 20 கேள்வி, போன ஒரு மாசத்துல இது உங்கள எவ்ளோ படுத்துச்சுன்னு, ஒவ்வொண்ணுக்கும் 0ல இருந்து 4. மொத்தம் 80. பொதுவா 31, 33 கிட்ட தாண்டினா ஒரு டாக்டர பாக்கறது நல்லதுன்னு எடுத்துக்கறாங்க. இது புது வெர்ஷன், பிசிஎல்-5. பழசுல 17 கேள்வி, 17ல இருந்து 85 வரைக்கும் ஸ்கோர்.

இந்த ஸ்கோர பாத்து எனக்கு பீடிஎஸ்டி இருக்கு இல்லன்னு முடிவு கட்டறவங்க அந்த ஆய்வுகள ஒரு தடவ பாக்கணும். 2004ல நியூ இங்கிலாண்ட் ஜர்னல் ஆஃப் மெடிசின்ல ஒண்ணு வந்துச்சு, ஈராக் ஆப்கானிஸ்தான் போற, போயிட்டு வந்த அமெரிக்க சண்டைப் படைக்காரங்க ஆறாயிரம் பேருக்கு மேல பேர் போடாத ஃபாரம் குடுத்து கேட்டது. ஈராக் போயிட்டு வந்த ஆர்மிக்காரங்கள்ல பீடிஎஸ்டி 18 சதவீதம். சரி, இப்ப அதே ஆளுங்க, அதே ஃபாரம், அதே பதில், அந்த பழைய 17 கேள்வித் தாள்ல ஸ்கோர் குறைஞ்சது 50 இருக்கணும்னு ஒரு கண்டிஷன மட்டும் சேத்தா? 12.9 சதவீதம். கோடு நகந்துச்சு, ஆளுங்க அங்கேயேதான் இருக்காங்க. போறதுக்கு முன்னாடி கேட்டவங்கள்லயும் அதே கதைதான், 9.4, கண்டிஷன் போட்டா 5.

வியட்நாம் கணக்கு இத விட பெரிய பஞ்சாயத்து. அமெரிக்க நாடாளுமன்றமே கேட்டு நடத்துன பெரிய ஆய்வு, வியட்நாமுக்கு போன ஆம்பளைங்கள்ல வாழ்க்கைல எப்பவாவது பீடிஎஸ்டி வந்தவங்க 30.9 சதவீதம், கேக்கற நேரத்துல இருந்தது 15.2ன்னு சொல்லுச்சு. எல்லாரும் மூணுல ஒருத்தனா, கத விடறாங்க, காசுக்காக சொல்றாங்கன்னு ஆரம்பிச்சாங்க. 2006ல சயின்ஸ் இதழ்ல வேற ஒரு டீம் அதே தகவல எடுத்து, ராணுவ ரெக்கார்டோட ஒத்துப் பாத்து, வாழ்க்கை பாதிக்கற அளவுக்கு இருந்தாத்தான் எண்ணுவேன்னு கண்டிஷன் போட்டு மறுபடி கணக்கு பண்ணாங்க. வாழ்க்கைல எப்பவாவது வந்தது 18.7, கேக்கற நேரத்துல இருந்தது 9.1. நெறைய பேர் இந்த எறக்கத்த மட்டும் புடிச்சுகிட்டு பாத்தியா பொய்னு சொல்லுவாங்க, ஆனா அந்த டீம் சொன்னதுல முக்கியமானது, பொய் சொன்னவங்க ரொம்ப ரொம்ப கம்மின்னு. போர் முடிஞ்சு பத்து வருஷத்துக்கு மேல ஆன பின்னாடியும் நூத்துல ஒம்போது பேர் அதுல மாட்டிட்டு இருக்காங்கன்னா அது சின்ன நம்பரும் இல்ல.

அதனால ஆப்ல 34 வந்தா இடிஞ்சு போகாதீங்க, 28 வந்தா நிம்மதியா தூக்கி போட்டுடாதீங்க. வாராவாரமோ மாசாமாசமோ போட்டு ஏறுதா எறங்குதான்னு பாக்கத்தான் அது. ஆப்பும் அந்த மாதிரிதான் கிராஃப் போட்டு காட்டுது, இது நோய் கண்டுபுடிக்கற டெஸ்ட் இல்லன்னும் சொல்லுது, நம்மாளுங்க அத படிக்காம நெக்ஸ்ட் அமுக்கிடுவாங்க.

சரி, பேர் கேக்காத விஷயத்துக்கு வரேன். என்ன கேட்டா இந்த ஆப்புக்கு நான் குடுத்த மார்க்குல முக்கால்வாசி இதுக்குத்தான். பேர் இல்ல, ஈமெயில் இல்ல, போன் நம்பர் இல்ல, படைப்பிரிவு என்ன ரேங்க் என்னன்னு எதுவும் இல்ல, நீங்க போடுற பதில் உங்க போன்லயே இருக்கு. இதுல என்ன பெருசா இருக்குன்னு தோணலாம். அமெரிக்கால போர்ல இருந்து திரும்பி வர்ற ஒவ்வொருத்தரும் ஒரு ஹெல்த் ஃபாரம் நிரப்பணும், கட்டாயம், அதுல பேர் இருக்கும், அது அவங்க மெடிக்கல் ரெக்கார்டுல போய் உக்காரும். 2008ல ஈராக்ல இருந்து வந்த ஒரு படைப்பிரிவுல அந்த ஃபாரத்துலயும் கேட்டு, கொஞ்ச நாள்லயே பேர் போடாம தனியாவும் கேட்டுப் பாத்தாங்க. பேர் இல்லாத பேப்பர்ல பீடிஎஸ்டி, டிப்ரெஷன், தற்கொல எண்ணம் இதெல்லாம் ரெண்டுல இருந்து நாலு மடங்கு அதிகமா வந்துச்சு. மடங்குங்க, சதவீதம் இல்ல. ஆக ராணுவத்துல இவ்ளோ பேருக்கு இருக்குன்னு யாராவது ஒரு நம்பர் சொன்னா நான் மொதல்ல கேக்கறது, பேர் எழுதி வாங்கினீங்களா எழுதாம வாங்கினீங்களான்னுதான்.

மேல சொன்ன 2004 ஆய்வுலயே, பிரச்சன இருக்குன்னு ஃபாரத்துல தெரிஞ்சவங்கள்ல உதவி தேடிப் போனவங்க 23ல இருந்து 40 சதவீதம் வரைக்கும்தான். மிச்ச பேர் போகல. ஏன்னு கேட்டதுக்கு நெறைய பேர் சொன்னது, என்ன வீக்குன்னு நெனப்பாங்க, கூட இருக்கறவங்களுக்கு நம்பிக்கை போயிடும், மேலதிகாரி வேற மாதிரி நடத்துவாரு. ரொம்ப தேவப்பட்டவங்களுக்குத்தான் இந்த பயம் ரெண்டு மடங்கு இருந்துச்சு, அது இன்னும் கொடும.

இது அமெரிக்கா கத மட்டும் இல்லன்னு எனக்கு எங்க வீட்லயே தெரியும். எங்க சித்தப்பா நம்ம ஆர்மில ஹவில்தாரா ரிட்டயர் ஆனவர், நார்த்ல பார்டர்ல நெறைய வருஷம் இருந்தவர், ராத்திரி தூக்கம் சரியா வராது, தீபாவளிக்கு வெடிச்சத்தம் ஆரம்பிச்சா மாடிக்கு போய் கதவ சாத்திக்குவார். அவருக்கு இந்த ஆப்ப போட்டு குடுத்தேன். கேள்விய எல்லாம் நான் தமிழ்ல சொல்ல சொல்ல கேட்டுகிட்டு, மொதல்ல அவர் கேட்டது, "இது யாருக்குடா போகும்?" யாருக்கும் போகாது சித்தப்பா, உங்க போன்லயேதான் இருக்கும்னேன். "அப்ப சரி. சர்வீஸ்ல இதெல்லாம் சொன்னா கேட்டகரி எறக்கிடுவாங்கன்னு பயம். எறங்கிட்டா ப்ரமோஷன் போச்சு, கோர்ஸ் போச்சு"ன்னார். ரிட்டயர் ஆகி எவ்ளோ வருஷம் ஆச்சு, இன்னும் அந்த பயம் போகல. தெரியாதவங்களுக்கு, நம்ம ராணுவத்துல மெடிக்கல் கேட்டகரிய ஷேப்னு சொல்லுவாங்க, அஞ்சு எழுத்து, அதுல மொத எழுத்தே மனநிலைக்குத்தான். ஷேப் ஒன்னா இருந்தா எல்லாத்துக்கும் ஃபிட். அதுக்கு கீழ போனா லோ மெடிக்கல்.

அன்னிக்கு அவர் என்ன ஸ்கோர் போட்டார்னு நான் பாக்கல, கதவ சாத்திட்டு அவரே தனியா போட்டார். மூச்சுப் பயிற்சிய மட்டும் இப்பவும் பண்றார், அதுல வர்ற அந்த அமெரிக்க அம்மா கொரலு தூக்கம் வர்ற மாதிரி இருக்காம், சித்திக்கு அதுல கொஞ்சம் கடுப்பு.

இனி மைனஸ். தமிழ் இல்ல. ஊர்ப்பக்கம் இருக்கற எக்ஸ் சர்வீஸ்மேன் பல பேருக்கு ஹிந்தி நல்லா வரும், இங்கிலீஷ் ஆர்டர் படிக்கற அளவுக்கு வரும், ஆனா "நீங்கள் உங்களிடமிருந்தே துண்டிக்கப்பட்டது போல் உணர்கிறீர்களா"ங்கற டைப் கேள்விய இங்கிலீஷ்ல படிச்சு பதில் போடறது வேற லெவல். பக்கத்துல ஒருத்தர் உக்காந்து சொல்லணும், ஒருத்தர் உக்காந்தா அந்த பேர் கேக்காத ப்ளஸ்ஸே பாதி போயிடுது. ஆஸ்திரேலியா, கனடாவெல்லாம் அவங்கவங்க ஊருக்குன்னு தனி வெர்ஷன் பண்ணிக்கிட்டாங்க. நம்ம ஊருக்கும் யாராவது பண்ணுங்கப்பா.

உதவி தேடற பகுதி இந்தியால இருக்கறவங்களுக்கு சுத்த வேஸ்ட். 988 அடி, அப்புறம் 1 அமுக்குன்னு சொல்லும், அது அமெரிக்க நம்பர், இங்கேர்ந்து போகாது. அவசரத்துக்கு ஆப்ப தெறந்து அந்த பட்டன அமுக்கி ஏமாறக் கூடாது, அதனால போட்ட அன்னிக்கே நம்ம நம்பர சேத்து வச்சிடுங்க. 14416, டெலி மானஸ்ங்கற மனநல உதவி லைன், மத்திய அரசோடது, 24 மணி நேரமும் ஃப்ரீ, தமிழ்ல பேசலாம். ராணுவத்துல இருக்கறவங்களுக்கும் அவங்க குடும்பத்துக்கும்னு 2023 டிசம்பர்ல புனே ஆர்ம்டு ஃபோர்சஸ் மெடிக்கல் காலேஜ்ல தனியா ஒரு டெலி மானஸ் செல் ஆரம்பிச்சிருக்காங்க.

இன்னொன்னு, இது பேருக்கேத்த மாதிரி பீடிஎஸ்டிய மட்டும் பாக்குது. ஆனா எண்ணிப் பாத்த சில பெரிய ஆய்வுங்க சொல்றது, ராணுவத்துல அதிகமா இருக்கறது அது இல்ல. பிரிட்டன்ல லண்டன் கிங்ஸ் காலேஜ் டீம் ஈராக் போர் ஆரம்பிச்ச 2003ல இருந்து ஒரே கூட்டத்த விடாம தொடர்ந்து கேட்டுகிட்டு வர்றாங்க. 2018ல வந்த ரிசல்ட்ல எட்டாயிரம் பேர்ல பீடிஎஸ்டி 6 சதவீதம், சாதாரணமா நாம டிப்ரெஷன் ஆங்சைட்டின்னு சொல்றோமே அது 22 சதவீதம் கிட்ட, தப்பான அளவுல குடி 10 சதவீதம். பீடிஎஸ்டி மாதிரி மூணு மடங்குக்கு மேல மத்தது. (அந்த 6க்குள்ளயும் ஒரு கத இருக்கு, சண்டைல நேரா நின்னு அப்புறம் வேலைய விட்டு வந்தவங்கள மட்டும் பாத்தா 17. சராசரி நம்பர் நல்லா மறைக்கும்.) அமெரிக்க ஆர்மியும் அந்த நாட்டு தேசிய மனநல ஆராய்ச்சி நிறுவனமும் சேந்து 2009ல ஆரம்பிச்ச பெரிய ஆய்வுல, அந்த நேரத்துல போர்முனைல இல்லாம ஊர்ல இருந்த சோல்ஜர்கள்லயே நாலுல ஒருத்தருக்கு ஏதோ ஒரு மனநல பிரச்சன அந்த மாசத்துல இருந்துச்சு, அதுல முக்கால்வாசி பேருக்கு அது ஆர்மில சேர்றதுக்கு முன்னாடியே ஆரம்பிச்சது. அப்ப எல்லாத்தையும் குண்டு சத்தத்து மேல பழி போட முடியாது.

இந்த ஆப்ல குடி பத்தி அளக்கற கேள்வித்தாள் கிடையாது. மிலிட்டரி கேண்டீன் சரக்கு கோட்டா வாங்கி மாசக் கடைசிக்குள்ள முடிச்சிட்டு அடுத்த வீட்டு எக்ஸ் சர்வீஸ்மேன் கோட்டாவையும் கேக்கறவருக்கு 20 கேள்விக்கும் சேத்து ஸ்கோர் 15தான் வரும், ஏன்னா தூக்கம் வராததையும் கனவையும் அந்த பாட்டில் அமுக்கி வச்சிருக்கும். அதே டிபார்ட்மென்ட்டு குடிக்கு வெட்சேஞ்ச்னு தனியா ஒண்ணு வச்சிருக்காங்க, தூக்கத்துக்கு இன்சோம்னியா கோச்னு ஒண்ணு, அதுவும் ஃப்ரீதான். அப்புறம் நம்ம ஆளுங்க மனசு கஷ்டம்னு வாய தொறந்து சொல்றது கம்மி, தல பாரம், நெஞ்சு படபடப்பு, வயிறு எரிச்சல், உடம்பெல்லாம் வலின்னுதான் டாக்டர்கிட்ட போவாங்க. இந்த கேள்விங்க அந்தப் பக்கம் சரியா எட்டிப் பாக்கறது இல்ல.

ஆப் வேல செய்யுதான்னு கேட்டா, 2017ல 120 பேர வச்சு ஒரு டெஸ்ட் பண்ணி வெளியிட்டாங்க. ராணுவத்துக்காரங்க மட்டும் இல்ல, பொதுவா அடிபட்டு வந்தவங்க. பாதி பேருக்கு ஆப், பாதி பேர் மூணு மாசம் காத்திருக்கணும். ஆப் வச்சிருந்தவங்களுக்கு முன்னேற்றம் கொஞ்சம் அதிகம், ஆனா கடைசில ரெண்டு குரூப்பையும் பக்கத்துல வச்சு பாத்தா நிலைமைல பெரிய வித்தியாசம் இல்ல. நேர்மையா சொல்லிட்டாங்க, மத்த ஹெல்த் ஆப்ஸ் மாதிரி அள்ளி விடல. கைப்புடி மாதிரி ஒண்ணுதான் இது, வைத்தியம் டாக்டர்கிட்டதான். ஈசிஎச்எஸ் (முன்னாள் ராணுவத்தினருக்கான மருத்துவத் திட்டம்) கார்டு இருக்கறவங்க பாலிகிளினிக்ல போய் சைக்யாட்ரிஸ்டுக்கு ரெஃபர் வாங்கிக்கலாம், ரிட்டயர் ஆனப்பறம் எந்த கேட்டகரியும் எறங்காது, இத எங்க சித்தப்பாகிட்ட சொல்லி சொல்லி வாய் வலிக்குது.

யாரு போடலாம்: தூக்கம், கோவம், பழைய ஞாபகம்னு கஷ்டப்பட்டு யார்கிட்டயும் சொல்ல மனசு வராதவங்க, ஏற்கனவே ட்ரீட்மென்ட்ல இருந்து நடுவுல சமாளிக்க ஏதாவது வேணும்னு பாக்கறவங்க. யாரு இத நம்பி உக்காரக் கூடாது: சாகணும்ங்கற எண்ணம் வர்றவங்க, நேரா 14416 அடிங்க, இல்ல பக்கத்துல இருக்கற ஆஸ்பத்திரிக்கு போங்க. வீட்ல இருக்கறவங்களுக்கு ஃபேமிலி கோச்னு இதே ஆளுங்களோடது தனியா இருக்கு, நான் இன்னும் போட்டுப் பாக்கல, சித்தி போன்ல இடம் இல்லையாம், குட்மார்னிங் ஃபோட்டோ எல்லாம் அழிச்சா வரும்.

டவுன்லோட் பண்றப்ப டெவலப்பர் பேர பாத்து பண்ணுங்க, அமெரிக்க வெட்டரன்ஸ் டிபார்ட்மென்ட்டுன்னு இருக்கணும். ஆண்ட்ராய்டு, ஐபோன் ரெண்டுலயும் இருக்கு. காசு கேட்டாலோ லாகின் கேட்டாலோ அது வேற ஏதோ ஆப்.